மாற்று மெத்தை: ஒருவருக்கு இடுப்பு வலி, மற்றவருக்குத் தோள்பட்டை வலி, கட்டில் ஒன்றுதான்

தூக்கம்தொலைத்தவன் (தொடக்கப் பதிவு):

அனைவருக்கும் வணக்கம். 9 ஆண்டுகளாகப் படுத்து வரும் எங்கள் மெத்தையை மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்துவிட்டது. நான் படுக்கும் பக்கம் ஒரு பள்ளம், என் மனைவி படுக்கும் பக்கம் சற்றுச் சிறிய பள்ளம், நடுவில் யாரும் படுக்காத ஒரு வரப்பு என்று மெத்தை வயல்போல ஆகிவிட்டது. இரவில் புரண்டால் வரப்பில் ஏறி மறுபடியும் பள்ளத்துக்கே சறுக்கி வர வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் இடுப்பு நிமிர மறுக்கிறது. நடமாடத் தொடங்கிய பிறகு வலி தானாகவே விலகிவிடுகிறது. அண்மையில் வெளியூரில் வேறு படுக்கையில் கழித்த இரண்டு இரவுகளில் இந்த வலி வரவில்லை என்பதால், மெத்தையின் மீதுதான் எனக்குச் சந்தேகம்.

என் எடை 88 கிலோ; மல்லாந்து படுப்பவன். மனைவியின் எடை 54 கிலோ. எப்போதும் ஒருக்களித்தே படுப்பார். அவருக்கு இடுப்பு வலி இல்லை. ஆனால் நள்ளிரவில் தோள்பட்டை கடுத்து, கை மரத்துப்போய் விழித்துக்கொள்கிறார். இப்போதுள்ள மெத்தை, "இடுப்புக்குக் கடினமான மெத்தைதான் நல்லது" என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு வாங்கியது. அதன் உறையில் "ஆர்த்தோ" என்று பெரிதாகத் தைத்திருக்கிறார்கள்.

மூன்று கடைகளில் விசாரித்தோம். ஒருவர் மெமரி ஃபோம் என்றார், அடுத்தவர் ஸ்பிரிங் என்றார், மூன்றாமவர் லேடெக்ஸை (ரப்பர் நுரையை) தவிர மற்றவை எல்லாம் குப்பை என்றார். அதைவிடக் குழப்பம் என்னவென்றால், டென்சிட்டி 90 என்று எழுதியிருந்த மெத்தை மலிவாகவும், 40 என்று எழுதியிருந்த மெத்தை அதைவிட விலை கூடுதலாகவும் இருந்ததுதான். டென்சிட்டி கூடுதல் என்றால் தரமும் கூடுதல் என்றல்லவா எண்ணியிருந்தேன்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, நண்பரே. குற்றவாளி மெத்தைதானா, அதைத் தாங்கும் பலகையா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பலகை தொய்ந்த கட்டிலில் எவ்வளவு நல்ல மெத்தையைப் போட்டாலும் சில மாதங்களில் அதே பள்ளம் திரும்ப வந்துவிடும்.

விரிப்பை எடுத்துவிட்டு, மெத்தையின் இரு விளிம்புகளுக்கும் குறுக்கே ஒரு நூலை விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். நூலுக்கும் பள்ளத்தின் அடிக்கும் இடையிலுள்ள ஆழத்தை ஓர் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெத்தையை இறக்கிவிட்டு, கட்டில் பலகையின் மீதும் அதே நூலை இழுத்துப் பாருங்கள். பலகைக்குப் பதில் சட்டங்கள் அடித்த கட்டிலாக இருந்தால், சட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி 7 அல்லது 8 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபோம் அந்த இடைவெளிகளுக்குள் பிதுங்கி இறங்கும். அகலமான கட்டிலுக்கு நடுவில் தரையைத் தொடும் ஒரு கால் இருக்கிறதா என்பதையும் குனிந்து பாருங்கள்.

கடைசியாக, மெத்தையைத் தரையில் போட்டு மூன்று இரவுகள் படுங்கள். வலி குறைந்தால் தச்சரைக் கூப்பிடுங்கள். குறையாவிட்டால் மெத்தையை மாற்றுங்கள்.

பழையபஞ்சு:

இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு 67 வயதாகிறது. வெறும் பலகையின் மீது மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றை விரித்துத்தான் இத்தனை ஆண்டுகளாகப் படுக்கிறேன். முதுகு வலி என்றால் என்னவென்றே தெரியாது. ஃபோமும் ஸ்பிரிங்கும் வந்த பிறகுதான் எல்லோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். இலவம் பஞ்சில் நான்கு அங்குலக் கனத்தில் ஒன்று தைத்து வாங்குங்கள், வேலை முடிந்தது.

தசைநார்:

இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவன் என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பழையபஞ்சு ஐயாவுக்குப் பலகை ஒத்துப்போயிருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் இடுப்பு வலி உள்ளவர்கள் எல்லோருக்கும் கடினமான படுக்கையே மருந்து என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2003-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேரை ஸ்பெயினில் இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குக் கடினமான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் கவனித்தார்கள். மிகக் கடினத்துக்கு 1, மிக மென்மைக்கு 10 என்ற அளவுகோலில் முதல் மெத்தை 2.3, இரண்டாவது 5.6. படுக்கையில் இருக்கும்போதும் எழும்போதும் உண்டாகும் வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் இயலாமை ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே கூடுதல் நலம் கண்டார்கள்.

இனி உங்கள் இருவரின் நிலைக்கு வருகிறேன். மல்லாந்து படுக்கும்போது உடலில் கனம் கூடிய பகுதி இடுப்பு. அது மற்ற பகுதிகளைவிட ஆழமாக அமிழ்ந்தால் முதுகு தூளிபோல வளையும். காலையில் உங்களுக்கு வரும் பிடிப்புக்கு அதுதான் காரணமாக இருக்கக்கூடும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு இதற்கு நேர்மாறான தேவை. தோளும் இடுப்பெலும்பும் அமிழ்வதற்கு இடம் கிடைத்தால்தான், பின்னாலிருந்து பார்க்கும்போது கழுத்திலிருந்து வால் எலும்பு வரை முதுகெலும்பு ஒரே கோட்டில் இருக்கும். மெத்தை இடம் கொடுக்காதபோது மேலுடலின் பாரம் முழுவதும் அந்த ஒரு தோளில் இறங்குகிறது. கை மரத்துப்போவதில் வியப்பில்லை. ஒரே மெத்தை 88 கிலோ உள்ளவருக்கு மென்மையாகவும் 54 கிலோ உள்ளவருக்குக் கல்லாகவும் தெரிவது இயல்புதான். ஆகவே "எந்த மெத்தை நல்லது" என்று உங்களைப் பார்க்காமலேயே சொல்லும் விற்பனையாளரின் பேச்சை ஒதுக்கிவிடுங்கள். "ஆர்த்தோ" என்பதும் விற்பனைக்கான சொல்தான். மருத்துவர் கொடுத்த சான்று என்று எண்ணிவிட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நடமாடினால் குறையும் காலைப் பிடிப்பு வேறு; காலுக்குள் இறங்கும் வலி, கால் மரத்துப்போதல், எந்த நிலையில் படுத்தாலும் தூங்கவிடாத வலி ஆகியவை வேறு. பின்னவை இருந்தால் மெத்தைக் கடைக்கு முன்னால் மருத்துவரிடம் செல்லுங்கள்.

தையல்ஊசி:

மெத்தை செய்யும் பட்டறையில் 14 ஆண்டுகள் வேலை செய்தவள் நான். 90-க்கும் 40-க்கும் உள்ள புதிரை விளக்குகிறேன்.

டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை, கிலோவில். அது கடினத்தின் அளவு இல்லை. 40 டென்சிட்டியிலேயே அமுக்கினால் உள்ளே போகும் ஃபோமும் உண்டு, பலகைபோல எதிர்க்கும் ஃபோமும் உண்டு. டென்சிட்டி சொல்வது, அதற்குள் எவ்வளவு பொருள் இருக்கிறது, அதனால் எத்தனை காலம் உருக்குலையாமல் உழைக்கும் என்பதை. நீங்கள் பார்த்த 90, ரீபாண்டட் ஃபோமாகத்தான் இருக்கும். ஃபோம் அறுக்கும்போது விழும் துண்டுகளைத் தூளாக்கி, பசை கலந்து, அச்சில் போட்டு நீராவியோடு அழுத்திக் கட்டியாக்குவதுதான் அது. வெட்டு முகத்தைப் பார்த்தால் பல நிறப் புள்ளிகள் தெரியும். அழுத்தியதால் எடை கூடிவிடுகிறதே தவிர, அதிலுள்ள பொருள் மேலானது என்று பொருளில்லை. அடியடுக்குக்கு அதைப் போடுவதில் தவறில்லை. உடலுக்கு நேர் கீழே அது இருந்தால் தோள்பட்டைக்காரருக்குத் தண்டனைதான். புது ஃபோமைப் புது ஃபோமோடு மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் எடைக்கு 28 டென்சிட்டி என்பது விரைவில் குழி விழும். 40-ஐ ஒட்டிய, மீள்திறன் கூடிய ஃபோமைக் கேளுங்கள், எச்.ஆர். ஃபோம் என்பார்கள். மெமரி ஃபோமாக இருந்தால் 50-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

சொன்ன டென்சிட்டி உள்ளே இருக்கிறதா என்று எப்படி அறிவது? எடை போடுங்கள். 190 சென்டிமீட்டர் நீளம், 150 அகலம், 15 கனம் உள்ள ஒரே ஃபோம் கட்டியின் கன அளவு 0.4275 கன மீட்டர். டென்சிட்டி 40 என்றால் அது 17 கிலோவுக்குக் குறையக் கூடாது. 12 கிலோ வந்தால் உங்களுக்குக் கொடுத்தது 28. உறையின் எடை இதற்கு மேல் வரும். அதையும் கழித்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் கட்டியை இரு கையாலும் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். நமக்குத் தராசு போதும்.

அடுத்தது அடுக்குகள். "லேடெக்ஸ் மெத்தை" என்று விற்கும் 20 சென்டிமீட்டர் மெத்தைக்குள் லேடெக்ஸ் 2 சென்டிமீட்டர்தான் இருக்கக்கூடும். ஒவ்வோர் அடுக்கும் என்ன பொருள், எத்தனை கனம், என்ன டென்சிட்டி என்று எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். உறையில் ஜிப் இருக்கிறதே, திறந்து பார்க்கலாம் என்று மட்டும் அவசரப்படாதீர்கள். சில மெத்தைகளில் தீ பரவாமல் இருக்க உள்ளுறையில் கண்ணாடி இழை வைத்திருப்பார்கள். திறந்தால் அது அறை முழுவதும் பறந்து தோலில் குத்தும். மெத்தையிலுள்ள குறிப்புச் சீட்டில் உறையைக் கழற்றக் கூடாது என்றோ, கண்ணாடி இழை என்றோ இருந்தால் கை வைக்காதீர்கள்.

மெமரி ஃபோமை "விண்வெளி வீரர்கள் படுத்தது" என்று சொல்லி விற்பார்கள். நாசாவுக்காக 1966-இல் சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் உருவாக்கியது என்பது உண்மை. ஆனால் அவர் அதை உருவாக்கியது விமான இருக்கைக்கு. மெத்தையாக அது விற்பனைக்கு வந்தது 1990-களின் தொடக்கத்தில்தான். வெப்பத்தில் இளகுவது அதன் குணம். குளிர்ந்த அறையில் விறைத்திருக்கும், உடல் சூடு பட்டதும் இறங்கிக் கொடுக்கும். அந்த அணைப்பு சிலருக்குச் சுகம். புரண்டு புரண்டு படுப்பவருக்குச் சேற்றில் கால் வைத்த மாதிரி.

ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வரி: கம்பிகள் ஒன்றோடொன்று பிணைந்த பானெல் ஸ்பிரிங்கில் ஒருவர் திரும்பினால் மற்றவரும் ஆடுவார், ஒவ்வொன்றையும் தனித்தனித் துணிப்பையில் தைத்த பாக்கெட் ஸ்பிரிங்கில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

தூக்கம்தொலைத்தவன்:

நூல் சோதனை செய்துவிட்டேன், கணக்குப்பிள்ளை ஐயா. என் பக்கம் பள்ளம் 4.5 சென்டிமீட்டர், மனைவியின் பக்கம் 2. பலகையின் நடுவிலும் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் தொய்வு இருந்தது; குனிந்து பார்த்தபோது நடுக்கால் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. எப்போதோ கட்டிலை நகர்த்தியபோது அடியிலிருந்த குமிழ் கழன்று விழுந்திருக்க வேண்டும். ஒரு மரத்துண்டைச் சீவி அடியில் கொடுத்த பிறகு பலகை நிமிர்ந்துவிட்டது. தரையில் மெத்தையைப் போட்டு மூன்று இரவுகள் படுத்தும் எனக்கு வலி குறையவில்லை. ஆகவே மெத்தையும் குற்றவாளிதான், பலகை உடந்தை.

தையல்ஊசி அம்மாவின் கணக்கைப் படித்த பிறகு பழைய மெத்தையின் ஓரத்தைச் சற்றுப் பிரித்துப் பார்த்தோம். மேலிருந்து கீழ்வரை பல நிறப் புள்ளிகள்தாம். மனைவி அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை ஆண்டுகளாகத் துண்டுகளின் மீதுதான் படுத்திருக்கிறோமா?" என்று மட்டும் கேட்டார்.

மூக்கடைப்பு:

தூசி ஒவ்வாமை உள்ளவர்கள் சார்பில் எழுதுகிறேன். பழைய மெத்தையை மாற்றினால் தும்மலும் நின்றுவிடும் என்று நம்பி இரண்டு முறை ஏமாந்தவன் நான். தூசிப் பூச்சிகள் வாழ்வது நம் உடலிலிருந்து உதிரும் தோல் துகள்களை உண்டு. அவற்றுக்கு ஈரப்பதமும் வேண்டும். நாம் படுக்கும் எந்த மெத்தையிலும் இந்த இரண்டும் கிடைக்கும். "பூச்சி அண்டாத மெத்தை" என்ற விளம்பரத்தைவிட, மெத்தையை ஆறு பக்கமும் மூடி ஜிப் போடும் நெருக்கமான நெசவுள்ள உறையும், விரிப்பையும் தலையணை உறையையும் வாரந்தோறும் 60 பாகை வெந்நீரில் துவைப்பதும் எனக்குப் பயன் தந்தன. உறையைப் புது மெத்தை வந்த அன்றே போட்டுவிட வேண்டும்; ஆறு மாதம் கழித்துப் போட்டால் பூச்சிகளை உள்ளே வைத்துப் பூட்டிய கதைதான். வியர்வையும் கறையும் இறங்காமல் காப்பதும் அதே உறைதான்.

புது ஃபோமின் வாடை இன்னொன்று. சுருட்டி அனுப்பிய மெத்தையைப் பிரித்ததும் வரும் அந்த வாடை, காற்றோட்டமான அறையில் சில நாள் நிறுத்தி வைத்தால் பெரும்பாலும் போய்விடும். படுக்கையறையில் பிரித்து அன்றிரவே படுக்காதீர்கள். சர்டிபியூர், ஓகோ-டெக்ஸ் தரநிலை 100 போன்ற சான்றுகள் தீங்கான வேதிப்பொருள்களுக்கான சோதனையைக் குறிப்பவை. அவை இருப்பது நல்லது. ஆனால் அவை மெத்தையின் சுகத்துக்கோ ஆயுளுக்கோ உத்தரவாதம் அல்ல. ரப்பர் ஒவ்வாமை வீட்டில் யாருக்கேனும் இருந்தால் இயற்கை லேடெக்ஸ் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். இரவில் வியர்ப்பவர்களுக்கு என் தனிப்பட்ட கருத்து: உடல் ஆழமாக அமிழும் மெமரி ஃபோமைவிட, காற்று உள்ளே போய்வரும் ஸ்பிரிங்கும் துளையிட்ட லேடெக்ஸும் குளிர்ச்சியானவை.

இருவர்படுக்கை:

தலைப்பிலேயே விடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இருவருக்கும் 34 கிலோ எடை வேறுபாடு. படுக்கும் முறையும் வேறு. ஒரே மெத்தையில் இருவரையும் நிறைவு செய்யப் பார்த்தால் இருவருக்கும் அரைகுறையாகத்தான் முடியும். கட்டில் ஒன்றாக இருக்கட்டும். மெத்தையை ஏன் ஒன்றாக வாங்க வேண்டும்? 150 அகலக் கட்டில் என்றால் 75 அகலத்தில் இரண்டு, 180 என்றால் 90-இல் இரண்டு. நாங்கள் 6 ஆண்டுகளாக அப்படித்தான் படுக்கிறோம். கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டின் மொத்த உயரமும் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும். உறையோடு அளந்து கேளுங்கள். முதல் முறை நாங்கள் ஒன்றரை சென்டிமீட்டர் வேறுபாட்டோடு வாங்கிவிட்டு, நடுவில் படிக்கட்டு வைத்தவர்களாகிவிட்டோம்.

உத்தரவாதச் சீட்டையும் வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள். அதற்கு முந்தைய மெத்தைக்கு எங்களுக்கு 10 ஆண்டு உத்தரவாதம் கொடுத்தார்கள். நான்காம் ஆண்டில் குழி விழுந்தது. விற்றவர்களைக் கூப்பிட்டபோது வந்து அளந்தவர், மேலே யாரும் படுக்காத நிலையில் குழி 2.5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் கணக்கு என்றார், எங்களுடையது 2. அதோடு விடாமல், மூலையில் உள்ளங்கையளவு இருந்த தண்ணீர்க் கறையைப் படமெடுத்துக்கொண்டு, கறை பட்டாலே உத்தரவாதம் செல்லாது என்று சீட்டின் பின்பக்கத்தைக் காட்டினார். படிக்காமல் கையெழுத்திட்டது நாங்கள்தான். ஆனாலும் அந்த எழுத்துகளின் அளவைப் பார்த்தால் கோபம் வரத்தான் செய்யும். பத்தாண்டு உத்தரவாதத்தைவிட, வீட்டில் சில வாரம் படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் வசதியை மேலானதாகக் கருதுகிறேன். திருப்பி எடுத்துச் செல்லும் செலவு யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழையபஞ்சு:

என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை; ஆனால் என் மருமகளும் ஒருக்களித்துப் படுப்பவள் என்பதும், என் வீட்டுக்கு வந்தால் இரண்டு தலையணைகளைத் தோளுக்கு அடியில் செருகிக்கொள்கிறாள் என்பதும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. தசைநார் சொன்னதில் ஏதோ இருக்கிறது.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டலாம். கட்டி தட்டினால் பிரித்து அடித்து மீண்டும் தைக்கலாம். அந்தப் பழக்கத்தில் ஃபோமையும் லேடெக்ஸையும் வெயிலில் காயப் போடாதீர்கள். என் மகன் லேடெக்ஸ் தலையணையை மொட்டை மாடியில் ஒரு கோடை முழுவதும் அவ்வப்போது காயவைத்தான். மேல்பக்கம் பொரிந்து, தொட்டால் ரொட்டித் தூள்போல உதிர்ந்தது. அவற்றுக்கு நிழலும் காற்றும் போதும்.

தூக்கம்தொலைத்தவன்:

இரண்டு தனி மெத்தைகள் என்று முடிவு செய்துவிட்டோம். எங்களுடையது 180 அகலக் கட்டில். ஒரே ஒரு தயக்கம்: கடையில் பலர் பார்க்கப் படுத்துப் பார்க்க என் மனைவி கூச்சப்படுகிறார். கையால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யலாமா?

தசைநார்:

கையால் அமுக்குவது கையின் எடைக்கு மெத்தை எப்படி இருக்கும் என்பதை மட்டுமே சொல்லும். கூட்டம் குறைந்த வேலை நாள் காலையில் போங்கள்; தளர்வான உடை அணியுங்கள்; வீட்டுத் தலையணையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு மெத்தைக்குக் குறைந்தது 15 நிமிடம், தூங்கும் நிலையிலேயே படுக்க வேண்டும். ஒரே நாளில் நான்கைந்துக்கு மேல் பார்த்தால் உடலுக்கு வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

நீங்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு, இடுப்பின் வளைவுக்கு அடியில் உள்ளங்கையைச் செருகுங்கள். கை தடையே இல்லாமல் மறுபக்கம் போய்விட்டால் மெத்தை உங்களுக்குக் கடினம். நெளித்துத் திணிக்க வேண்டியிருந்தால் இடுப்பு அமிழ்ந்துவிட்டது. மெல்லிய உராய்வோடு நுழைந்தால் சரி. உங்கள் மனைவி ஒருக்களித்துப் படுக்கும்போது பின்னால் நின்று, கழுத்தின் அடியிலிருந்து இடுப்பு வரை ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்து பாருங்கள். படம் எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. இடுப்பு தொங்கினால் மெத்தை மென்மை; தோள் மேலே தூக்கி நின்றால் கடினம். பிறகு அவரிடம் எதுவும் கேட்காமல் 10 நிமிடம் விட்டுவிடுங்கள். தோள் பேசத் தொடங்க அவ்வளவு நேரம் ஆகும்.

தூக்கம்தொலைத்தவன்:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். இரண்டு மெத்தைகளும் 190-க்கு 90, உயரம் 20 சென்டிமீட்டர். எனக்குக் கீழே 15 சென்டிமீட்டர் எச்.ஆர். ஃபோம், டென்சிட்டி 40. மேலே 5 சென்டிமீட்டர் லேடெக்ஸ். மனைவி தேர்ந்தெடுத்தது பாக்கெட் ஸ்பிரிங்கும் அதன் மேல் மென்மையான லேடெக்ஸும் கொண்டது. கடையில் கூச்சப்பட்டவர், அந்த மெத்தையில் படுத்த எட்டாம் நிமிடத்தில் லேசாகக் குறட்டை விட்டார். விற்பனையாளர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அடுக்குகளை எழுதி வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் என் மெத்தையை எடை போட்டேன். கணக்குப்படி ஃபோம் 10.26 கிலோ; லேடெக்ஸின் டென்சிட்டி 75 என்று எழுதித் தந்ததால் அது ஏறத்தாழ 6.4 கிலோ, இவற்றோடு உறை. மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எடை பார்க்கும் கருவியின் மீது ஏறினால் முள் எனக்குத் தெரியவே இல்லை. மனைவி தரையில் முட்டி போட்டு, மெத்தைக்கு அடியில் தலையை நீட்டி "106" என்று படித்தார். என் 88-ஐக் கழித்தால் 18. உறைக்கு ஒன்றரைக் கிலோ போனால் கணக்கு சரியாகவே இருக்கிறது.

முதல் வாரம் நினைத்தபடி போகவில்லை. மனைவிக்குத் தோள் வலி நின்று கழுத்து வலி வந்தது. தவறான மெத்தையை வாங்கிவிட்டோமோ என்று கலங்கிப் போனோம். பிறகுதான் புரிந்தது: தோள் இப்போது அமிழ்வதால் தலைக்கும் மெத்தைக்கும் இடையிலான உயரம் குறைந்துவிட்டது, பழைய தலையணை அதற்குப் பருமனாகிவிட்டது. தலையணையின் தையலைப் பிரித்து ஒரு பங்கு பஞ்சை எடுத்துவிட்டுத் தைத்தோம். இரண்டு இரவுகளில் கழுத்து சரியானது. எனக்குக் காலைப் பிடிப்பு மூன்றாம் வாரத்தில் மெல்லக் குறையத் தொடங்கியது. இப்போது வாரத்தில் ஒரு நாள் வந்தால் உண்டு. முழுக்கவும் மெத்தையின் புண்ணியம் என்று சொல்ல மாட்டேன். மாலையில் நடக்கவும் தொடங்கியிருக்கிறேன்.

ஒரு குறை மிச்சம்: இரண்டு மெத்தைகளும் மெல்ல விலகி, நடுவில் விரல் நுழையும் இடைவெளி விழுகிறது.

இருவர்படுக்கை:

அடியில் ரப்பர் வலை விரிப்பு போடுங்கள்; பிறகு இரண்டு மெத்தைகளையும் சேர்த்துச் சுற்றி ஒரு பட்டை கட்டி இறுக்கிவிட்டு, மேலே ஒரே அகலமான, விளிம்பில் இழுவை (எலாஸ்டிக்) வைத்த விரிப்பைப் போடுங்கள். நகராது.

தையல்ஊசி:

மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். மேல் கீழாகப் புரட்டாதீர்கள். உங்களுடையவை இரண்டும் ஒருபக்க மெத்தைகள். முதல் ஆண்டில் அரை சென்டிமீட்டர் அமுங்கினால் அஞ்ச வேண்டாம். அது உறைக்குள் தைத்த மெல்லிய பஞ்சு படிவதால் வருவது.

கணக்குப்பிள்ளை:

புது மெத்தையில் நூல் பிடித்துப் பார்த்தீர்களா?

தூக்கம்தொலைத்தவன்:

வந்த அன்றே பார்த்துவிட்டேன், ஐயா. இரண்டிலும் பூஜ்யம். தேதியையும் அளவையும் கட்டில் பலகையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த அளவை ஆறு மாதம் கழித்து இதே இழையில் பதிகிறேன்.